கலங்கி வந்த தண்ணீர்

அன்று ஆறு மணிக்கு எழுந்தோம். என் மனைவி சுகந்தி மாட்டைக் கறந்தாள். நான் பல் விளக்கி, பால் கேனைத் தூக்கிக்கொண்டேன். சொசைட்டிக்குக் கண்மாய்க்கரை வழியாகத்தான் போக வேண்டும். நான்கு நாள் மழையில் கண்மாய் விளிம்புவரை நிறைந்திருந்தது. கரையின் வெளிச்சரிவில், விரல் நுழையும் ஒரு துளையிலிருந்து தண்ணீர் கசிந்தது. கூட வந்த சுகந்தி நின்று அதையே பார்த்தாள்.

"எல்லாக் கரையிலயும் கசிவு இருக்கும், வா" என்றேன். நான் சிவில் படித்தவன்.

"தெளிஞ்சு வந்தா சரிங்க. இது கலங்கலா வருது. உள்ள மண்ணு கரையுது, இஞ்சினியர் சார்" என்று சிரித்தபடியே சரிவில் இறங்கி, குதிகாலால் துளையை அடைத்து நின்றாள். ஆட்களையும் மணல் மூட்டைகளையும் கொண்டுவர ஓடினேன். திரும்பி வந்தபோது அவள் நின்ற இடத்தில் கரையே இல்லை.

இன்று பத்தாம் நாள். துக்கம் கேட்க வருகிறவர்கள், "ஊரக் காப்பாத்துங்கன்னு சொல்லிட்டு நின்னுச்சாமே தம்பி" என்கிறார்கள். தலையாட்டுகிறேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. நான் ஓடத் திரும்பியபோது முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னாள்:

"உள்ள நண்டு கெடக்கு போல. கடிக்குதுங்க, சீக்கிரம் வாங்க."