பூஜ்யம் வீண்

மாலை ஐந்தரை மணி. கதவு வைக்காத வாசல்கள் வழியாக வெயில் சரிந்து வந்து, கழுவிக் கவிழ்த்த கலவைச் சட்டிகளின் மேல் விழுகிறது. எந்தக் கொத்தனார் எந்தச் சுவரில் நிற்க வேண்டும், அவருக்கு எத்தனை சட்டி கலவை போக வேண்டும் என்று காலையிலேயே சொல்லிவிடும் செயலி, மேற்பார்வையாளனின் கைபேசியில் ஒரு பச்சை இலையைக் காட்டுகிறது. இன்று வீண்: பூஜ்யம். இரண்டு வாரமாகத் தினமும் இந்த இலைதான். மேலிடத்திலிருந்து பாராட்டுகூட வந்துவிட்டது. கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பினால், சித்தாள் அக்கா வாளியோடு நிற்கிறாள். முன்பெல்லாம் மிஞ்சிய கலவையை அதில் வழித்துக்கொண்டு, இறுகுவதற்குள் வீட்டுக்கு ஓடுவாள். அப்படியே பூசிப் பூசி, அவள் வீட்டுப் பின்சுவரில் பூச்சு இடுப்புயரம் வரை வந்திருக்கிறது.

“இன்னைக்கும் மிச்சம் இல்லையா தம்பி?”

“இல்லக்கா.”

“நல்லதுதான். பொருள் வீணாகக் கூடாதில்ல.”

அவள் திட்டியிருந்தால் தேவலை. வாளியைக் கவிழ்த்துத் தட்டுகிறாள். பழைய சிமெண்ட் தூள் கொஞ்சம் உதிர்ந்து காற்றில் போகிறது.

“போன் கணக்குப் போடக் கத்துக்கணும்னு முன்னாடி ஒரு மாசம் தினமும் எங்கிட்ட கேட்டு எழுதினியே, எத்தனை சட்டி மிஞ்சுதுன்னு. நான் சொன்னதெல்லாம் சரியா இருந்துச்சா?”

“ஒரு சட்டிகூடத் தப்பலக்கா.”

அவள் முகம் மலர்கிறது. அவன் வாளியையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.