நிற்காததை எழுதியவள்

“வியாதி திரும்பல டாக்டர். மாத்திரதான் இப்படிப் பண்ணுது.”

உள்ளே வந்ததும் வராததுமாக அந்தப் பெண் ஆரம்பித்துவிட்டாள். டாக்டர் மெஹராஜுக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். திண்டுக்கல்லுக்கு மாற்றலாகி வந்த முதல் வாரம். வெளியே இன்னும் நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

எரியோட்டிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள் இருவரும். ஒருத்தி நாற்காலியில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு மாதக் குழந்தை. அழுது அழுது அவள் கண்கள் சிவந்திருந்தன. பேசியவள் நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொன்னதற்கு, “இருக்கட்டும் டாக்டர்” என்றுவிட்டாள்.

டாக்டர் சீட்டைப் பார்த்தார். சண்முகவள்ளி, வயது இருபத்தாறு. பிரசவமான பத்தாம் நாள் மனம் பேதலித்து, இல்லாத குரல்கள் கேட்டு, இங்கே தங்கி மருந்தெடுத்துத் தேறி வீடு திரும்பியவள். போன வாரம்தான் மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தார்கள்.

“இப்ப என்ன செய்யுது?”

“கால் நிக்க மாட்டேங்குது. உக்காந்தா எந்திரிக்கணும், எந்திரிச்சா நடக்கணும். மனசு தெளிவாத்தான் இருக்கு. காலுதான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது.”

வீட்டில் யாரும் இதை நம்பவில்லையாம். பழைய வியாதிதான் திரும்பிவிட்டது என்று பயந்துபோய், குழந்தையை ஒட்டன்சத்திரத்தில் நாத்தனார் வீட்டுக்கு அனுப்புவதாக முடிவு செய்துவிட்டார்களாம். இன்று டாக்டர் சொல்லும் ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது என்றாள்.

பிறகு நாள்காட்டியிலிருந்து கிழித்த ஆறு தாள்களை மேஜையில் பரப்பினாள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் மாத்திரை போட்ட நேரம், கால் பரபரக்க ஆரம்பித்த நேரம், அடங்கிய நேரம். டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இரண்டு தடவை படித்தார்.

“யாரு எழுதச் சொன்னது?”

“யாரும் சொல்லல. நான் நூல் மில்லுல வேல பாத்தவ. எந்த மெஷின் எத்தன மணிக்கு நின்னுச்சுன்னு எழுதி வச்சாத்தான் கோளாறு எங்கன்னு பிடிபடும். இங்க நிக்காதத எழுதினேன், அம்புட்டுத்தான்.”

அதைச் சொல்லும்போது அவள் குரலில் கர்வம் இருந்தது. இருக்க வேண்டிய கர்வம்தான் என்று டாக்டருக்குத் தோன்றியது. அரை மணி நேரம் துருவித் துருவிக் கேட்டாலும் கிடைக்காத விவரம் அல்லவா! பேச்சுக்கு நடுவே அவள் கதவுவரை போவதும் வருவதுமாக இருந்ததைப் பஸ்ஸுக்கு நேரமான அவசரம் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

“நீங்க கண்டுபிடிச்சது நூத்துக்கு நூறு சரி. இது மருந்தோட பக்கவிளைவு. அளவக் குறைச்சு, கால் அடங்குறதுக்கும் மாத்திரை தரேன். நீங்களா எதையும் நிறுத்திடாதீங்க” என்றார். குழந்தை தாயிடமே இருக்கட்டும் என்பதைச் சீட்டிலும் எழுதினார்.

எழுதி முடித்து, உட்கார்ந்திருந்தவள் பக்கம் திரும்பினார்.

“கேட்டீங்களா சண்முகவள்ளி? உங்க பிள்ளைய யாரும் பிரிக்கப் போறதில்ல. இப்படி ஒரு துணை அமையக் குடுத்து வச்சிருக்கணும்.”

அவள் மெல்ல எழுந்தாள்.

“நான் நாத்தனாருங்க டாக்டர். பிள்ளைய ஒட்டன்சத்திரத்துக்குத் தூக்கிட்டுப் போக வந்தவ” என்று சொல்லிவிட்டு, கதவருகே நடந்துகொண்டிருந்த சண்முகவள்ளியின் கைகளில் குழந்தையை வைத்தாள்.