அகன்ற கருவிழிகள்

அக்கா பார்த்துவைத்த பெண்ணைக் காப்பிக் கடையில் சந்தித்த ஸ்டுடியோக்காரர், அவளுடைய அகன்ற கருவிழிகளில் கிறங்கிப்போனார். அவளும் கண்ணெடுக்காமல் அவரையே பார்த்து, "எனக்குச் சம்மதம்" என்றாள்.

மறுநாள் ஸ்டுடியோவுக்குள் வந்தவள் அவரிடமே கேட்டாள்: "பெரியவரே, ஸ்டுடியோக்காரர் இல்லீங்களா?"

"நான்தாங்க! நேத்து என்னையேதானே பாத்துட்டிருந்தீங்க?"

குரலைக் கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நேத்து கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டிருந்தாருங்க. ஏதோ கத்தரி இனத்துப் புதர்ச்செடியில எடுக்கிறதாம். அந்த இலையைத் தின்னா ஆள் காலி. ஒரு சொட்டு கண்ணுல விட்டா கருவிழிப் பாப்பா விரிஞ்சுடும், எதிர்ல இருக்கிற முகமே தெரியாது. உங்க பேச்சு பிடிச்சுத்தான் சரின்னேன்."

"இப்போ?" அவர் கை தன்னையறியாமல் வழுக்கையைத் தடவியது.

"பேச்சு அதேதானே!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவள், அவருடைய பளபளக்கும் தலையைப் பார்த்தாள். "ஆனா நேத்து அப்படிக் கண்ணு கூசினது கடை விளக்காலன்னுல்ல நினைச்சேன்!"