முதல் நேயர்

"ஏனுங்கக்கா, எல்லாருக்கும் பாட்டுப் போடறீங்களே, உங்களுக்கு யாருங்க பாட்டுப் போடுவாங்க?"

ஸ்பீக்கரில் அந்தக் குழந்தைக் குரல் கேட்டதும் ஜெயபாரதி கண்ணை மூடிக்கொண்டாள்.

"சோமனூர் தேஜஸ்ரீ," என்றாள். "நம்ம நிலையத்துக்கு வந்த முதல் போன் இதுதான் சசி. நான் என்ன பதில் சொன்னேன்னே ஞாபகமில்லை. அழுதுட்டேன்."

நூலிழை எஃப்.எம்.முக்கு வெள்ளிக்கிழமை இருபதாம் ஆண்டு விழா. நிலையத்தின் கதையை ஒரு நிகழ்ச்சியாகத் தொகுக்கிற வேலை சசிகுமாருக்கு. ஆரம்ப நாள் முதல் இருக்கும் ஒரே அறிவிப்பாளர் என்பதால் ஜெயபாரதியைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தான்.

"அதுக்கு முன்னாடி ஒருத்தருமே பேசலீங்களா?"

"ஒரு ஈ காக்கா பேசலை. போன் பண்ணுங்க, போன் பண்ணுங்கன்னு கெஞ்சுவேன். லைன் உயிரோட இருக்குதான்னு ரிசீவரை எடுத்து எடுத்துப் பாப்பேன்."

சசிகுமார் சிரித்தான்.

"உனக்குச் சிரிப்பா இருக்குது. முதலாளி ரத்தினசாமி வந்து, 'ஏம்மா, நாளைக்கும் போன் வரலீன்னா சும்மா பாட்டே ஓடட்டும், நடுவுல பேசறதுக்கு ஆளெதுக்கு'ன்னுட்டுப் போயிட்டாரு. வேலை போனா எனக்குத் திரும்பவும் ஓவர்லாக் மெஷின்ல பனியன் தைக்கறதுதான். அப்பத்தான் தங்கச்சியை நர்சிங் சேத்து உட்டிருந்தேன்."

அப்போது நிலையம் ரத்தினசாமியின் பனியன் கம்பெனிக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே பனியன் துணி பின்னியபடி நாள் முழுக்க ரீங்கரிக்கும் நிட்டிங் மெஷின்கள். படிக்கட்டுக்கு அடியில் ஒரு மேஜை, ஒரு டெலிபோன், ஞானாம்பாள். வருகிற அழைப்பை எடுத்து மாடிக்கு இணைத்துக் கொடுப்பது அவர் வேலை. முதலாளி அப்படிச் சொன்ன அன்று படியில் உட்கார்ந்து அழுத ஜெயபாரதியிடம், "முருகன் பாத்துக்குவான் கண்ணு, போய் மூஞ்சியக் கழுவு," என்று சொன்னதும் அவர்தான்.

மறுநாள் சோமனூரிலிருந்து குழந்தை பேசியது. ஒரு பொடிசே பேசுகிறபோது நமக்கென்ன கூச்சம் என்று, டீ பிரேக்கில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த பனியன் கம்பெனிக்காரர்கள் ஆளாளுக்குப் போனை எடுத்தார்கள். அதற்கப்புறம் லைன் கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது. ரத்தினசாமி ஆளெதுக்கு என்று மறுபடி கேட்கவே இல்லை.

"அந்தப் புள்ளையை மேடையேத்தி மாலை போடணும் சசி. அது நான் பட்ட கடன்."

"ஒரு வாரமா ரேடியோவுல கேட்டாச்சுங்கக்கா. ரெண்டு தேஜஸ்ரீ பேசினாங்க. ஒருத்தி இப்பத்தான் அஞ்சாவது படிக்கறா. இன்னொருத்தி பரிசு என்னங்கன்னு கேட்டா." சசிகுமார் கொஞ்சம் நிறுத்தி, "ஞானாம்பாளம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்னு அவங்க ஊட்டுக்கே போனனுங்க," என்றான்.

"என்ன சொன்னாங்க?"

"'அவ எங்காச்சும் கல்யாணமாகிப் போயிருப்பா, உடு கண்ணு'ன்னுட்டாங்க. முழங்கால் வலியாம், விழாவுக்கு வர முடியாதாம். மகனும் மருமகளும் காலையில கம்பெனி வேன்ல போனா பொழுது உழுந்துதான் வராங்க. அதுவரைக்கும் நம்ம எஃப்.எம்.தான் துணையாம். போன் நெம்பர் கேட்டேன். 'பழைய நெம்பர்தான் கண்ணு, அதுல யாரு கூப்படறாங்க'ன்னு சிரிச்சாங்க."

ஜெயபாரதிக்குச் சுருக்கென்றது. அந்த நம்பர் அவள் போனிலும் இருந்தது. கடைசியாக எப்போது கூப்பிட்டோம் என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

"இப்பக் கேளுங்க. சத்தத்தைச் சுத்தம் பண்ணிட்டேன்." சசிகுமார் ஒலிப்பதிவை மறுபடி ஓடவிட்டான். "'எங்க ஊட்டுல நாலு தறி ஓடுதுங்கக்கா, சத்தமாப் பேசுங்க'ங்குது புள்ள. பின்னாடி ஊம்னு ஒரே இரைச்சல். அதை எடுத்துட்டனுங்க."

"எடுக்கறதுக்கு முன்னாடி இருந்ததைப் போடு."

போட்டான். ஜெயபாரதி ஸ்பீக்கரின் பக்கம் குனிந்தாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

தறி ஓடினால் டடக் டடக் என்று அடிக்கும். பேச்சே கேட்காது. இதுவோ இடைவெளியில்லாத, ஒரே சீரான ரீங்காரம். அவளுக்கு நன்றாகப் பழகிய ரீங்காரம்.

"அந்த இரைச்சல் அப்படியே இருக்கட்டும் சசி. புள்ளையைத் தேடறதையும் உட்டுரு."

"ஏனுங்கக்கா? அப்ப மாலை?"

"நீ போய் டீ குடிச்சிட்டு வா கண்ணு."

அவன் ஒன்றும் புரியாமல் எழுந்து போனான். ஜெயபாரதி கதவைச் சாத்திவிட்டு வந்து, தன் போனில் அந்தப் பழைய நம்பரைத் தேடி எடுத்தாள். மணி அடித்து ஓயப் போகும் நேரத்தில்தான் அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"யாருங்க?"

"ஏனுங்கம்மா..." ஜெயபாரதி அந்தக் குழந்தையைப் போலவே இழுத்துக் கேட்டாள். "எல்லாருக்கும் போனை எடுத்துக் குடுத்தீங்களே, உங்களுக்கு யாருங்க போன் பண்ணுவாங்க?"

போனில், பின்னால் நூலிழை எஃப்.எம். மெல்லப் பாடிக்கொண்டிருந்தது.

"இனிமே தினமும் டீ பிரேக்குல நான் பண்ணுவனுங்கம்மா."

அந்தப் பக்கம் ஞானாம்பாள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, இருபது வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே குழந்தைக் குரல், லேசான நடுக்கத்தோடு பேசியது:

"சோமனூர் தேஜஸ்ரீ பேசறனுங்கக்கா."