முடித்த வேலைகள்

"ஹாஜியார், கத்தரினாக்காட்ட நீங்க மன்னிப்புக் கேக்கணும்."

இந்த ஒரு வசனத்தை மட்டும் எந்த முதலாளியிடமும் சொல்லிவிடாதே என்று அம்மா யூஜீனியா அஜித்தாவிடம் சத்தியமே வாங்கியிருந்தாள். போன வேலை அப்படித்தான் போனது. அதற்கு முந்திய வேலையும்.

கற்பிட்டிக் கரையில் மீனைக் காயவைத்துக் கருவாடு போடும் வாடி வைத்திருக்கும் உசனார் ஹாஜியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மன்னிப்பா? ஒம்பது பை கட்டாக் கருவாடு காணல்ல மகள். கத்தரினா தலையில பையோட சந்தியால போனத என்ட மச்சான் கண்டீக்கிறாரு. கேட்டா வாயத் தொறக்கிறா இல்ல. பொலிஸுக்குச் செல்லீட்டன். இப்ப ஜீப் வரும்."

"வாயைத் திறக்காட்டி கள்ளியா? ஏழை எண்டா விசாரணையும் தேவையில்ல, என்ன?"

வெளியே, மீன் காயும் பரண்களுக்குப் பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட பெட்டியொன்றில் வாடிக் கூலியாள் கத்தரினா உட்கார்ந்திருந்தாள். உப்பில் வெடித்த விரல்கள் மடியில் கிடந்தன. காலையிலிருந்து அஜித்தா அவளிடம் மூன்று தரம் கேட்டாயிற்று. மூன்று தரமும் ஒரே பதில்: "நீ உன்ட வேலையப் பாரு பிள்ள."

பயம் என்று அஜித்தா தீர்மானித்தாள். தலைமுறை தலைமுறையாக ஊறிய பயம். இதைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் நாற்பது பக்கம் எழுதி ஏ தரச் சித்தி எடுத்தவள் அவள்.

"பத்து நிமிசம் தாங்க ஹாஜியார். கள்ளனை நான் பிடிச்சுத் தாறன்" என்று போனை எடுத்தாள்.

போனில், வேலைகளைப் பட்டியல் போட்டு வைக்கும் செயலி ஒன்று இருந்தது. ஊரின் முதல் பட்டதாரியின் மூளை முழுவதும் அதற்குள்தான். இரண்டு மாதத்துக்கு முன்பு வாடியில் மேற்பார்வைக்குச் சேர்ந்த அன்றே, உப்பு மாற்றுவது, பரண் கழுவுவது, லொறிக்குப் பை ஏற்றுவது என்று எல்லாவற்றையும் நாளும் மணியுமாக அதில் ஏற்றிவிட்டாள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மீன் வேலையை மீனவன் அல்பேட்டின் மகளுக்கு யார் சொல்லிக் கொடுக்க வேண்டும்?

மணி அடிக்கும். அவள் விரட்டுவாள். வேலை முடிந்ததும் சரி போடுவாள், அடுத்த நிமிடமே அதை மறந்துவிடுவாள். போன் 'டிங்' என்னும். அந்தச் சத்தத்தைக் கேட்கும் ஆசையில் 'தேத்தண்ணி குடிப்பது' என்றுகூட எழுதி வைத்திருந்தாள்.

அப்பா அல்பேட்டுக்கு இது பெரிய பகிடி. வலையைப் பொத்துவது, எஞ்சினுக்கு எண்ணெய் விடுவது, கரையில் மீனைப் பங்கு பிரிக்குமுன் அந்தோனியார் கோயிலுக்கு ஒரு பங்கு ஒதுக்குவது என்று முப்பது வருடமாக எதையும் எழுதாமலே எதையும் மறக்காத மனிதர். "மூச்சு விடுறதையும் எழுதியிருக்கியா மகள்?" என்பார்.

சிரிக்கட்டும். ஒரு விஷயத்தில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. செய்து முடிக்காத வேலைக்கு அவள் ஒருபோதும் சரி போட்டதில்லை.

"வாடியில எந்தப் பை எப்ப அசைஞ்சது எண்டு எல்லாம் இதில இருக்கு. சொல்லுங்க, எந்தெந்த நாள் காணாமப் போனது?"

"கெழமைக்கு ஒண்டு. புதன்கிழம வந்து பாத்தா ஒண்டு குறையுது."

"அப்ப செவ்வாய்க்கிழமை. லொறி வாற நாள். லொறி ஓட்டுற ஸப்ராஸ் வாற நாள்."

"ஸப்ராஸ் என்ட சாச்சாட மகன்."

"அதனாலதானே கத்தரினாக்கா வெயில்ல இருக்கிறா?"

இதற்காகவே பிறந்தவள் போல அஜித்தா நிமிர்ந்தாள். 'முடித்தவை' பக்கத்தைத் திறந்து, செவ்வாய்க்கிழமைகளை மட்டும் பிரித்தெடுத்தாள்.

திரையை மேலே தள்ளினாள். கீழே இழுத்தாள். மறுபடியும் மேலே தள்ளினாள்.

"என்ன மகள், ஸப்ராஸா?" ஹாஜியாரின் குரல் இறங்கியிருந்தது.

"இல்ல."

"அப்ப நான் செல்லல்லியா, கத்தரினாதான்."

"இல்ல ஹாஜியார். கள்ளனப் பிடிச்சிட்டன். கொஞ்சம் இருங்க."

வாசலில் ஜீப் வந்து நின்றது. கத்தரினா எழுந்து, யன்னலுக்குள்ளால் அஜித்தாவையும் அவள் கையிலிருந்த போனையும் பார்த்தாள். 'சொல்லாதே' என்று மெல்லத் தலையை ஆட்டினாள். அந்த மௌனம் பயமில்லை என்று அஜித்தாவுக்கு அப்போதுதான் விளங்கியது. நாற்பது பக்கமும் பிழை.

புதிதாக ஒரு வரி தட்டினாள். போன் 'டிங்' என்றது. அதை ஹாஜியாரின் முன்னால் வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் வெயிலுக்குள் இறங்கி நடந்தாள்.

ஹாஜியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

'ஒவ்வொரு செவ்வாயும் நாலு மணி: அந்தோனியார் பங்கு ஒரு பை, கத்தரினாக்காவிடம் கோயிலுக்குக் கொடுத்துவிடுவது. பொறுப்பு: அஜித்தா' என்று ஒன்பது சரிகளும், அவற்றுக்குக் கீழே, வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் வேலையைச் செய்யுமுன்பே போட்ட பத்தாவது சரியும் இருந்தன: 'கத்தரினாக்காவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஜீப்பில் ஏறுவது.'