பாதிச் சிறுத்தை

“உன் நிலத்துல வீடு முளைக்கும்னு பாத்தா, கல்லு முளைச்சிருக்காமே, எர்சிலியா?”

மதில்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டான் பக்கத்து வீட்டு ஓரேஸ்தே. அனுதாபம் சொல்ல வந்தவன் பல் குத்திக்கொண்டிருந்தான்.

மகளுக்கு வீடு கட்ட எர்சிலியா அஸ்திவாரம் தோண்டிய இடத்தில், பெருஜா நகரத்திலிருந்து வந்த தொல்லியல்காரர்கள் மண்டியிட்டு மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ரோமானியர் காலத்துப் பண்ணை மாளிகையாம். யாரோ பெயர் சொல்லாமல் தொல்லியல் அலுவலகத்துக்கு ஃபோன் செய்ய, மறுநாளே கட்டட வேலை நின்றுவிட்டது.

“எவன் பாத்த வேலையோ,” என்றான் ஓரேஸ்தே. “என்னைப் பாரு. போன குளிர்காலத்துல ஒயின் வைக்க நிலவறை தோண்டுனேன், சிமெண்டு போட்டேன், முடிஞ்சுது. எதுக்கும் ஒரு ராசி வேணும்.”

“உன் ராசிய உன் வீட்டுல வாடகைக்குத் தங்க வர்ற வெளிநாட்டுக்காரங்ககிட்ட சொல்லு. நான் வீடு எழுப்புனா அவங்க ஜன்னல்ல திராட்சைத் தோட்டம் தெரியாதுன்னு ஊரெல்லாம் புலம்புனவன்தானே நீ?”

குழிக்குள்ளிருந்து அகழாய்வுத் தலைவி மிரெல்லா நிமிர்ந்தாள். தரையில் வண்ணக்கல் பதித்த ஓவியம். புள்ளி விழுந்த பின்னங்கால்கள் இரண்டும் ஒரு வாலும் மட்டும் வெளிப்பட்டிருந்தன. மிச்சம் மதிலுக்கு அடியில் போயிருந்தது.

“மேடம், நிலம் எனக்குத் திரும்பக் கிடைக்குமா?”

“இது மாளிகையோட ஓரமா இருந்தா மண்ணைப் போட்டு மூடிட்டுப் போயிடுவோம்மா, நீங்க கட்டிக்கலாம். நடுக்கூடமா இருந்தா அரசாங்கம் எடுத்துக்கும். பாதிப் படத்தை வச்சு ஒண்ணும் சொல்ல முடியல.”

“இதுல சொல்ல என்ன இருக்கு?” ஓரேஸ்தே குறுக்கே விழுந்தான். “நடுக்கூடமேதான், விட்டுடாதீங்க. முயலைக் கவ்விக்கிட்டு நிக்கிற சிறுத்தைய எவனாவது கொல்லைப்புறத்துல வரைவானா?”

மிரெல்லா குழியைப் பார்த்தாள். மதிலைப் பார்த்தாள். பிறகு அதற்கு அப்பால், அவனுடைய நிலவறைக் கதவைப் பார்த்தாள்.

“முயல் எங்களுக்கே இன்னும் கிடைக்கலையே சார். நீங்க எங்க பாத்தீங்க?”

ஓரேஸ்தே பல் குத்துவதை நிறுத்தினான்.

“சிமெண்டு உடைக்க என்கிட்ட கடப்பாரை இருக்கு, மேடம்,” என்றாள் எர்சிலியா.

ஓரேஸ்தே முழங்கையை மதிலிலிருந்து எடுத்தான். வீட்டுக்குள் போனான்.