வரிசையில் ஒரு தலைக்கவசம்

இரண்டு பேரரசுகளின் போர்க்கப்பல்களும் வானத்தை அடைத்துக்கொண்டு நின்ற அன்றும், சந்தைக்கோளில் முத்திரை குத்தும் செங்கமலம் வரிசையைக் கலைக்கவில்லை. கோளையே தத்தம் பேரரசின் பேருக்கு எழுதி வாங்க வந்திருந்த இரண்டு தளபதிகளையும் வெங்காய வியாபாரிக்குப் பின்னால் நிற்கவைத்தாள்.

"ஒரு நொடியில இந்தச் சந்தையைப் பொசுக்கிடுவேன், தெரியுமா?" என்றார் முன்னால் நின்ற தளபதி.

"அதுக்கும் முத்திரை வேணும்னா வரிசையிலதான் வரணுங்க."

வெயில் உச்சிக்கு ஏறியது. தாகம் தாங்காமல் அவர், எல்லோரும் செய்வதைப்போல, தலைக்கவசத்தைத் தன் இடத்தில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். அப்படி வைத்துப்போன பொருளைப் பின்னால் நிற்பவர்தான் நகர்த்திவர வேண்டும் என்பது சந்தை வழக்கம். பின்னால் நின்றவரோ எதிரித் தளபதி.

வரிசை நகர்ந்தது. முத்திரையைத் தூக்கிய செங்கமலத்தின் கை அந்தரத்தில் நின்றது. எதிரித் தளபதி தலைக்கவசத்தை எட்டி உதைக்கக் காலைத் தூக்கினார். சந்தையே அந்தக் காலைப் பார்த்தது. என்ன நினைத்தாரோ, குனிந்து தலைக்கவசத்தை இரண்டு கைகளாலும் எடுத்து, தூசியைத் துடைத்து, ஓரடி முன்னால் வைத்தார்.

வெங்காய வியாபாரியின் சீட்டில் செங்கமலம் ஓங்கிக் குத்தினாள்.

"அடுத்தது யாருங்க?"

எதிரித் தளபதி தலைக்கவசத்தைக் காட்டினார். "இவருதாங்க. வந்துடுவாரு, நான் நிக்கிறேன்."